ஈரம்மா வாங்கிய சத்தியம்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அமைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளை. "ரோஸ்லின் மேடம், புது வாலன்டியர்களுக்குப் பயிற்சி வெச்சிருக்கோம். நீங்க வந்து உங்க அனுபவத்தைப் பேசணும்" என்றாள். எனக்கு முட்டி வலி. பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. "என்னத்தம்மா பேசறது, ஆள விடு" என்றேன். அவள் விடுகிற ரகமில்லை. மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் டேப்லெட்டோடு.

இனிமேல் எல்லாம் அதில்தானாம். உயிரை விடுகிற நினைப்பில் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வருகின்றன. பதிலைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. நாங்கள் மனதில் வைத்துக்கொண்டு அலைந்ததை இவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு வரி வந்தது: 'இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதிமொழி பெறப்பட்டதா?' பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "இதை எவன் சேர்த்தான்?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை மிரண்டு போயிற்று. "நல்லதுதானே மேடம்? வாக்குக் கொடுத்தா அவங்களுக்கும் ஒரு பிடிப்பா இருக்குமில்ல?" என்றாள். அவள்மேல் என்ன தப்பு? காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கூட்டத்தில் நின்று பேச எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது படித்துவிட்டு அந்தக் கட்டத்தை எடுத்தால் போதும்.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய லட்சியத்தோடெல்லாம் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஷிப்ட் போவார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போன பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் சேர்ந்தேன். பெங்களூரில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே இங்கிலீஷில் படித்ததில் பாதி இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. தமிழில் எங்கள் வேலைக்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயராம். எனக்கே வாயில் நுழையாது. கவுன்சிலர் என்று சொன்னால், "எங்க தெருவுக்குத் தண்ணி எப்பம்மா விடுவீங்க?" என்று கேட்பார்கள். கடைசியில் "மனசு சரியில்லாத பிள்ளைங்ககிட்டப் பேசறவங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

வேலையைக் கற்றுக் கொடுத்தவர் மாதப்பன் சார். எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்டபாடு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டு அம்மா எந்தப் பாஷையில் கோழியை விரட்டுகிறார் என்று பார்ப்பார். பிறகு அந்தப் பாஷையில்தான் பேச்சே. அமைப்பின் பெயர் எழுதின ஜீப்பைத் தெருவுக்குள் விடவே மாட்டார். ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். "வண்டி நின்ன வீட்டை ஊரே பார்க்கும். நாம போனப்புறம் அந்தப் பையன்தானே அங்க குடியிருக்கணும்?" என்பார். வெயிலில் நடந்து நடந்து என் முட்டி போனதற்கு அவர்தான் காரணம் என்று இப்போதும் திட்டுவேன்.

கொடுப்பதைக் குடிப்பார். கீழே உட்கார்வார். சாப்பாடு, தூக்கம், வேலை என்று பேசிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நேராகக் கேட்டுவிடுவார்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானோ "ஏதாவது தப்பான முடிவு கிடிவு" என்று இழுக்கிறவள். வெளியே வந்ததும் சொன்னார்: "நீ சுத்தி வளைச்சா அவனும் சுத்தி வளைப்பான். கேட்கறதால யாருக்கும் புதுசா தோணாது, ரோஸ்லின். ஏற்கெனவே தோணியிருந்தா, அப்பாடா, கேட்க ஒரு ஆள் வந்துச்சேன்னு இருக்கும்." என் அனுபவத்தில் அது ஒரு நாளும் பொய்யாகவில்லை.

கேட்ட பிறகு செய்கிற வேலைகள் இரண்டு. வீட்டில் ஆபத்தான சாமான் எது இருந்தாலும் எடுத்து வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. அதன்பிறகு டாக்டர், மாத்திரை, வாராவாரம் நாங்கள் போவது எல்லாம். சத்தியம் வாங்கக்கூடாது என்பது ஆரம்பத்தில் இருந்த விதி இல்லை. அது பின்னால் வந்தது. வந்த விதம் நன்றாக இல்லை.

ஓசூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதி. ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒன்று அங்கே இருந்தது. பெயர் வேண்டாம். வாடிப்போய்க் கிடக்கிறாள் என்று வார்டன் அம்மாதான் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனசுக்காரர், பெற்ற பிள்ளை போல அவளைப் பார்த்துக்கொண்டார். நாங்களும் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வார்டன் அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே பயமில்லைங்க. வேதப் புத்தகத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டா." கேட்டதும் எல்லாருக்கும் பாரம் இறங்கியது. அவளைத் தனியாக விடாமல் பக்கத்தில் படுத்த பெண்கள் பழையபடி ஷிப்டுக்குப் போனார்கள். அந்தப் பெண்ணை நாங்கள் காப்பாற்றவில்லை.

எப்படி என்று எழுதப் போவதில்லை. இதனால்தான் என்று ஒன்றைச் சொல்லவும் முடியாது. ஒரே ஒரு காரணத்தால் யாரும் போய்விடுவதில்லை. ஆனால் அறைத்தோழி ஒருத்தி பிறகு அழுதுகொண்டே சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. "மறுபடி அந்த நெனப்பு வருதுன்னு என்கிட்டச் சொன்னா. வார்டன் அம்மாகிட்டச் சொல்லுடின்னேன். சத்தியம் பண்ணிட்டேனே, எப்படிச் சொல்றது, சொன்னா பாவமில்லையான்னா." மாதப்பன் சார் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க யாரும் சத்தியம் வாங்காதீங்க. வீட்டுல வாங்கியிருந்தா முதல் வேலையா எனக்குச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. 

முனிராஜ் விஷயம் அதற்குப் பல வருஷம் கழித்து. தேன்கனிக்கோட்டைக்கு உள்ளே காட்டோரக் கிராமம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தான். பயிற்சிக் காலம் முடிந்ததும் அவன் கூட்டாளிகள் பலரையும் போலவே அவனையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறான்? பர்மனென்ட் ஆகிவிட்டது என்று. அந்தப் பேச்சை நம்பி அவன் அப்பா மல்லப்பா ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார். இவன் தினமும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஓசூரில் ஏரிக்கரைப் பார்க்கில் உட்கார்ந்துவிட்டுச் சாயந்திரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

அவனோடு வேலை பார்த்த பையன்தான் எங்களுக்குச் சொன்னான். கம்பெனி கேட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நாங்கள் பேசுவதை எப்போதோ நின்று கேட்டிருக்கிறான். ஆசையாக வைத்திருந்ததையெல்லாம் ஒருத்தன் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் கவனியுங்கள் என்று நாங்கள் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. "மேடம், புது ஷூவை என்கிட்டக் கொடுத்துட்டான். அவன் அதை மழையில கூடப் போடமாட்டான்" என்றான். அந்தப் பையனுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

"நீயே போ. நான் வந்தா அப்பாக்காரர் என்கிட்டப் பேசிக்கிட்டிருப்பார், பையன் வாயைத் திறக்க மாட்டான்" என்றார் சார். போனேன். பார்க்கில் வைத்தே கேட்டேன். முனிராஜ் முதலில் சிரித்தான். பிறகு யூனிபார்ம் பட்டனைத் திருகிக்கொண்டே, "தினமும் தோணுது மேடம்" என்றான். அன்றைக்கே அவனோடு பஸ் ஏறினேன்.  வேலை போனதை அவன் வாயாலேயே அப்பாவிடம் சொன்னான். அந்த இன்னொரு விஷயத்தை அவன் சம்மதத்தோடு நான் சொன்னேன்.

மல்லப்பா முதலில் குதித்தார். "யானை புகுந்து மொத்த ராகியும் போச்சு, நாங்க செத்தா போயிட்டோம்? ஒரு வேலை போனதுக்கா?" என்றார். ஈரம்மா, அதாவது முனிராஜின் அம்மா, சத்தமே இல்லாமல் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் மல்லப்பாவிடம் கேட்டேன்: "யானை வர்ற காலத்துல தோட்டத்தைத் தனியா ஒரு ஆள் காவல் காப்பீங்களா?" "அதெப்படி முடியும்? வீட்டுக்கு ஒரு ஆளுன்னு முறை போட்டுக்குவோம்." "இவனுக்கும் முறை போடுங்க."  மனிதர் எழுந்து போய்த் தன் அண்ணன் மகன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துச் சாமான்கள் அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயின. பெண் வீட்டுக்கும் அவரே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை ஆரம்பித்தது. வாராவாரம் போவேன். பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். "இந்த வாரம் அந்த நெனப்பு வந்துச்சா?" என்றால், "ரெண்டு தடவை வந்துச்சு மேடம், முறைக்கு இருந்த அண்ணன்கிட்டச் சொன்னேன்" என்பான். எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும். வரவில்லை என்று சொல்வதைவிட, வந்தது, சொன்னேன் என்பது ஆயிரம் மடங்கு மேல்.

அப்புறம் ஒரு வாரம் போகிறேன், வீடே கலகலவென்று இருக்கிறது. ஈரம்மா வாசலிலேயே சிரித்துக்கொண்டு வரவேற்றார். முனிராஜ், "நல்லா இருக்கேன் மேடம்" என்றான். தூக்கம்? நல்லா இருக்கு மேடம். சாப்பாடு? நல்லா இருக்கு மேடம். எனக்குச் சுருக்கென்றது. நேர்க் கேள்வியைக் கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தான், "இல்லைங்க மேடம்" என்றான். தக்காளித் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய்த் தனியாகக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதை மட்டும் கேக்காதீங்க மேடம்" என்றான்.

உள்ளே வந்து ஈரம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "இனிமே பயம் இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனேன். இனிமே அந்த நெனப்பே வரக்கூடாதுன்னு என் தலைமேல கை வெச்சு 'ஆணெ' வாங்கிட்டேன், அதான் சத்தியம். மீறினா எனக்குத்தான் ஆவும்னு அவனுக்குத் தெரியும். என் பிள்ளை என்னைச் சாகவுட மாட்டான்" என்றார். "முறைக்கு இருந்த பசங்க எங்க?" "எதுக்கு மேடம் இனி? அவுங்க வேலைய பாக்கட்டும்னு அனுப்பிட்டேன்." அண்ணன் வீட்டுக்குப் போன சாமான்களும் திரும்பி வந்திருந்தன.

 முதல் வேலையாக மல்லப்பாவைக் கூப்பிட்டுச் சாமான்களைத் திரும்ப அனுப்பினேன். அண்ணன் மகன் ஒருவன் வந்து முனிராஜோடு உட்கார்ந்தான். வெளியே வந்து மாதப்பன் சாருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ போய் 'சத்தியமாவது ஒண்ணாவது'ன்னு சொல்லிடாதே. அவங்களுக்கு அது நிஜம். வாங்கினவங்கதான் திருப்பித் தரணும். அந்தம்மாகிட்டப் பேசு." சொல்வது சுலபம். ஒரு தாயிடம் போய், உன் பிள்ளை உயிருக்கு நீ போட்ட காப்பை அவிழ்த்துவிடு என்று எப்படிக் கேட்பது?

அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். ஈரம்மா களித் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். "உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"ரெண்டு இருக்குதும்மா."

"அப்புறம் எப்படி இப்படிக் கேக்கறீங்க? உங்க மாத்திரைய அவன் பாதி நாள் மறந்துடறான். பசங்க முறைய மறந்துடறானுங்க. அந்த ஆணெ ஒண்ணுதான் அவன புடிச்சு வெச்சிருக்குது. அதையும் எடுக்கச் சொல்றீங்களே, நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா?"

எனக்கும் கோபம் வந்தது. களைப்பில் வருகிற கோபம். "அது அவன் வாயைத்தாம்மா கட்டியிருக்குது. நெனப்பு வர்றதை உன் ஆணெ நிறுத்தாது. காய்ச்சல் வராதேன்னு சத்தியம் வாங்கினா காய்ச்சல் கேக்குமா? வந்தா அவன் யார்கிட்டச் சொல்லுவான்? சொன்னாலே நீ செத்துடுவேன்னு பயப்படறான்" என்றேன். விடுதிப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்ததை, அறைத்தோழி அழுததை.  இந்த வேலையில் அழக்கூடாது என்பார்கள். அழுதுவிட்டேன், என்ன செய்ய?

 களி கருகுகிற வாசனை வந்தது, ஈரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு, "எடுத்துட்டா அவன் போயிட மாட்டானே மேடம்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. "என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா தோணினா உன்கிட்டச் சொல்லுவான். சொன்னா நாம ஏதாவது பண்ணலாம்" என்றேன்.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முனிராஜ் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் மகனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். சத்தியத்தைத் திருப்பி எடுக்க என்ன முறை என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மகனுடைய கையைப் பிடித்து அன்றைக்குப் போலவே தன் தலைமேல் வைத்துக்கொண்டார். பிறகு தானே அந்தக் கையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். "எடுத்துட்டேன். அது இனி இல்ல. உனக்கு என்ன தோணுதோ என்கிட்டச் சொல்லு" என்று கன்னடத்தில் சொன்னார்.

முனிராஜ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இன்னைக்குக் காலையிலகூடத் தோணுச்சு."

ஈரம்மா அழவில்லை. "எப்ப?"

"நீ தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தப்ப."

"நான் இங்கதானடா இருந்தேன். கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டா உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் ஈரம்மா. "நான் எந்த வேலையில இருந்தாலும் கூப்பிடு. ஒண்ணும் இல்லாட்டியும் கூப்பிடு."

மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப் போய் மாத்திரையை மாற்றினோம். பையன்கள் பழையபடி முறைக்கு வந்தார்கள். அதன்பிறகும் மோசமான வாரங்கள் இருந்தன, ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. எத்தனை தடவை அந்த ஊர் பஸ் ஏறினேனோ, கணக்கே இல்லை.

முனிராஜ் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. என்னை எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். முன்பெல்லாம் வருத்தமாக இருக்கும். இப்போது இல்லை. அந்த நாளை ஞாபகப்படுத்துகிற முகம் இது, எதற்கு அவன் பார்க்க வேண்டும்? ஈரம்மா மட்டும் எப்போதாவது போன் செய்வார். போன மாசம்கூடச் செய்தார், ஒரே புலம்பல்.

"பொண்டாட்டி வந்தும் இன்னும் என்னைத்தான் கூப்பிடறான் மேடம். பஸ்ல ஏறினா ஒரு போனு, கம்பெனியில டீ குடிச்சா ஒரு போனு. என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, சும்மாதாங்கறான். இவன் வாய் ஓயறதில்ல, மனுஷிய ஒரு வேலை செய்ய விடறானா சொல்லுங்க?"